நிமிடத்துக்குத் தொண்ணூறு

மூன்று நாளாக அந்த வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டியதையெல்லாம் பாத்திரங்களே பேசின. ஒருத்தி தட்டை வைத்தால் அது 'ணங்'கென்றது. இன்னொருத்தி மூடியைப் போட்டால் அது 'டங்'கென்றது. நடுவில் உட்கார்ந்து சாப்பிட்ட அண்ணன், இரண்டு சத்தத்துக்கும் பொதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் எழுந்துபோய்க் கை கழுவினான்.

சண்டை வீட்டில் பிறந்ததல்ல. மூன்று பேருக்கும் ஒரே இடத்தில் வேலை: ஊருக்கு வெளியே இருந்த கோழி இறைச்சி ஆலை. அண்ணன் அங்கே தள மேலாளர். அண்ணி கால்நடை டாக்டர். கோழிகள் வதைபடாமல் போய்ச் சேருகின்றனவா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. தங்கை, கோழிகளைக் கொக்கியில் மாட்டும் பிரிவில் தொழிலாளி.

அவளை ஆலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மிளகாய் என்றால்தான் தெரியும். "மேலாளரோட தங்கச்சி, ஆபீஸ்ல ஒரு நாற்காலி போட்டுக் குடுக்கக் கூடாதா?" என்று கேட்டவர்களிடம், "நாற்காலி குடுத்தா வாயைப் பொத்திக்கிட்டு உக்காரணும். எனக்குக் கொக்கியே போதும்" என்று சொன்னவள் அவள்.

போன வாரம் அண்ணி ஓர் அறிக்கை கொடுத்தாள். மாட்டும் இடத்தில் கோழிகளுக்குக் கால் உடைகிறது, இறக்கை முறிகிறது என்று. மறுநாளே அறிவிப்புப் பலகையில் அந்த அறிக்கை தொங்கியது. அதற்குக் கீழே மூன்று பெயர்கள். 'உயிர்களைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்காகத் தற்காலிக வேலைநீக்கம்.' மூன்றாவது பெயர் ஒல்லியுடையது. இரண்டு வருடமாக மிளகாயின் தோளோடு தோள் உரசி நின்று கோழி மாட்டியவள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த மிளகாய் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை.

இன்று காலை அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் மடங்கவில்லை. வெந்நீரில் முக்கி எடுத்தும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றுக்கொன்று முன்பின் தெரியாதவை போல விலகியே நின்றன. மூடியைப் பல்லால் கடித்தாள்.

அண்ணி கையை நீட்டினாள். "குடு இங்க."

"வேணாம். எனக்கென்ன இறக்கையா முறிஞ்சிருக்கு, நீங்க பதறிப்போய்ப் பாக்கறதுக்கு?"

அண்ணன் செருப்பைத் தேடும் சாக்கில் வாசல் பக்கம் நழுவினான்.

"போதும், மூணு நாளா முகத்தைத் திருப்பிக்கிட்டது. கேக்கறதை நேரா கேளு," என்றாள் அண்ணி.

"கேக்கறேன். ஒல்லி உங்களுக்கு என்ன பண்ணினா? அவ கொடுமைக்காரியா?"

"நான் யார் பேரையும் எழுதல. கால் உடையுதுன்னு எழுதினேன். உடையலையா?"

உடைகிறது. மிளகாய்க்கு அது தெரியும். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

"எப்படியும் சாகப்போற கோழிதானே அண்ணி? கால் முழுசா இருந்தா என்ன, உடைஞ்சா என்ன?"

"சாகப்போறதுன்னா வலிக்காதா? அப்படிப் பாத்தா நீயும் நானும் மட்டும் இங்க நிரந்தரமாவா இருக்கப்போறோம்?"

"எங்க கையும்தான் வலிக்குது. அதை ஏன் எழுதல?"

"எழுதினேன்."

மிளகாய் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பக்கம் எழுதினேன்," என்றாள் அண்ணி. "உடையறது முதல் பக்கம். ஏன் உடையுதுங்கறது ரெண்டாவது பக்கம். கொக்கி ஓடற லைன் வேகம் அதிகம், இந்த வேகத்துல எந்த மனுஷனாலயும் பதமா மாட்ட முடியாதுன்னு. முதலாளி முதல் பக்கத்தை மட்டும் ஒட்டினாரு."

"மூணு நாளா ஒட்டியிருக்கு. மூணு நாளா நீங்களும் அந்தப் பலகையைத் தாண்டித்தானே போறீங்க? மீதி எங்கேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அண்ணி பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, சத்தம் வராமல் மேஜைமேல் வைத்தாள்.

கணவன் வீட்டிலிருந்து ஒற்றைப் பையோடு மிளகாய் வந்து நின்ற அன்று, அண்ணன் என்ன சொல்வதென்று தெரியாமல் திணறிக்கொண்டிருக்க, ஒரு கேள்வியும் கேட்காமல் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் இந்த அண்ணிதான். யாருக்கும் பயப்படாதவள் என்று அவள் நம்பியிருந்த ஒரே ஆள். அந்த ஆளே ஒரு பலகைக்குப் பயந்திருக்கிறாள் என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

பாட்டிலைத் தொடாமலே கிளம்பினாள்.

*

கோழி மாட்டும் அறையில் வெளிச்சம் குறைவு. மங்கலான நீல விளக்கு மட்டும். வெளிச்சம் அதிகமிருந்தால் கோழிகள் மிரளுமாம். அதனால் அந்த ஏற்பாடு. மனிதர்கள் எட்டு மணி நேரம் அந்த இருட்டில் நின்றால் மிரளுவார்களா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பெட்டி வரும். பெட்டிக்குள் கையை விட்டு ஒரு கோழியை எடுக்க வேண்டும். தலைக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும் கொக்கியில் இரண்டு காலையும் கோக்க வேண்டும். அடுத்தது. அடுத்தது. அடுத்தது. நிமிடத்துக்கு நூற்று நாற்பது கொக்கிகள் ஓடின. ஒன்பது பேர் நின்ற இடத்தில் இப்போது ஆறு பேர். மூன்று பேரை வெளியே அனுப்பியவர்கள் கொக்கிக்கு அந்தச் செய்தியைச் சொல்லவில்லை.

"மணி என்ன ஆச்சு?" என்று கேட்டான் எதிரே நின்ற நெட்டை. ஆறடி உயரம், நாற்பது வயது, வாயில் எப்போதும் ஒரு கேலி இருக்கும். இன்று கேலி இல்லை.

"பத்தரை. ஏன்?"

"காலையில ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுத் தொலைச்சேன். புத்தி கெட்டவன்."

மாற்று ஆள் வந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம். யாராவது போனால் அந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்து மாற்று ஆளாக இருந்தவள் ஒல்லி. அவளும் இல்லாததால் மூன்று நாளாக அந்த ஆறு பேரும் மதியம்வரை தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார்கள்.

மிளகாய் ஒரு கோழியை எடுத்தாள். கொக்கி அவளைத் தாண்டப் பார்த்தது. எட்டிக் கோத்தாள். கைக்குள் ஏதோ 'மளுக்'கென்றது.

அதுவரைக்கும் அந்தச் சத்தத்தை அவள் காதில் வாங்கியதில்லை. இன்று கேட்டது. கோழி கத்தியபடி அறைக்கோடியில் தொங்கிய திரையைத் தாண்டிப் போனது. காலையிலிருந்து அவள் கைக்குத் தெரிந்தே இது நாலாவது.

பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். ஆலையின் கறியை வாங்கும் பெரிய கடைகள் அனுப்பிய ஆள். கையில் அட்டை, அட்டையில் படிவம். அவருக்கு இந்தப் பக்கம் முதலாளி, அந்தப் பக்கம் அண்ணி, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அண்ணன்.

"பெட்டியில எவ்வளவு நேரம் காத்திருக்கு?"

"ரெண்டரை மணி நேரம் சார். அதுக்கு மேல போக விடமாட்டோம்," என்றார் முதலாளி.

"காத்து?"

"கொட்டகை முழுக்க மின்விசிறி. வெயில் ஏறினா தண்ணித் தூவலும் உண்டு."

நெட்டை கழுத்தை வளைத்து வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டான். தூசி பறக்கும் என்று இந்த அறையிலிருந்த ஒரே விசிறியையும் போன வருடம் கழற்றிவிட்டார்கள்.

"உயிர்னா எல்லாம் உயிர்தான் சார்," என்றார் முதலாளி, நெஞ்சில் கை வைத்து. "கொடுமை பண்ணினது தெரிஞ்சதும் மூணு பேரை அன்னிக்கே நிறுத்திட்டேன். இந்த விஷயத்துல நான் யார் முகத்தையும் பாக்கமாட்டேன்."

மிளகாய் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினாள். கை மாட்டிக்கொண்டே இருந்தது.

"சார்! அவங்க போன பிறகு கால் உடையறது நின்னுடுச்சான்னு கேளுங்க சார்!"

அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தான். "ஏய், வேலையைப் பாரு."

"வேலையைத்தான் பாக்கறேன். இன்னிக்கு என் கையால மட்டும், எனக்குத் தெரிஞ்சே நாலு கோழிக்குக் கால் ஒடிஞ்சுது. எழுதிக்கங்க சார். அவங்க மூணு பேரும் கொடுமைக்காரங்கன்னா நானும் கொடுமைக்காரிதான்."

லைன் சத்தத்துக்கு மேல் அவள் குரல் ஏறி நின்றது. ஆய்வாளர் படிவத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"வேணும்னே பண்ணினீங்களா?"

"வேணும்னு பண்ண எனக்கு நேரம் எங்க சார் இருக்கு? ஒரு கோழியை நெஞ்சைத் தாங்கித் தூக்கி, வலிக்காம மாட்ட நாலு செகண்ட் வேணும். எனக்குக் கிடைக்கிறது ரெண்டரை. ஒன்பது பேர் வேலையை ஆறு பேர் பாக்கறோம். கொடுமை என் கையாலதான் நடக்குது, இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தக் கையை ஓட்டறது யாருன்னும் கேளுங்க. எதிரே நிக்கிறாரே, அவரு கழிப்பறைக்குப் போய் நாலு மணி நேரம் ஆகுது. கோழி எத்தனை மணி நேரம் காத்திருக்குன்னு எழுதினீங்களே, இவரையும் எழுதுங்க."

நெட்டை வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆய்வாளர் கெட்டவர் இல்லை. அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். உண்மையாகவே தேடினார்.

"ஆட்களைப் பத்தி இதுல கேள்வியே இல்லையேம்மா. நான் வந்தது கோழிக்கு மட்டும்."

முதலாளி மெல்லச் சிரித்தார். "அடுத்த பிரிவுக்குப் போலாமா சார்?"

அப்போதுதான் அண்ணி வாயைத் திறந்தாள்.

"கொஞ்சம் இருங்க. கோழிக்குன்னு பக்கம் இருக்கில்ல? அது போதும்."

அவள் திரையைத் தாண்டிப் போனாள். ஓடும் கொக்கிகளில் நூறு கோழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிலவற்றின் காலைத் தொட்டும் பார்த்தாள். ஆய்வாளர் பக்கத்திலேயே நின்று எண்ணினார். திரும்பி வந்தபோது அண்ணியின் முகம் வெளுத்திருந்தது.

"கால், இறக்கை, ரெண்டும் சேத்து நூத்துக்குப் பதினொண்ணு. நூத்துக்கு மூணைத் தாண்டினா வேகத்தைக் குறைக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கு. உங்க கடைகளே போட்ட விதி சார். நான் ஒரு நாளும் அதைப் பயன்படுத்தினதில்ல. அது என் தப்பு." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "மேலாளர், ஆறு பேருக்கு நிமிஷத்துக்குத் தொண்ணூறு. அதுக்கு மேல ஒண்ணு கூடாது."

வேகத்தை மாற்றும் பெட்டியின் சாவி அண்ணனின் இடுப்பில் தொங்கியது.

"அஞ்சு மணிக்கு லாரி கிளம்பணும்," என்றான் அவன், அடிக்குரலில், மனைவிக்கு மட்டும் கேட்கும்படி. "கிளம்பலேன்னா ஆர்டர் போயிடும். நானூறு பேர் வேலை பாக்கற இடம்மா இது. யோசிச்சுப் பேசு."

"நானூறு பேர்ல ஆறு பேர் கணக்கில்லையா?" என்றாள் மிளகாய். மனைவிக்கு மட்டும் கேட்ட குரல் தங்கைக்கும் கேட்டுவிட்டது.

முதலாளி சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் முன்னால் அவரால் பேச முடியாது. பேச வேண்டியதைக் கண்ணாலேயே பேசினார்.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் கையுறை முழங்கைவரை அழுக்கேறியிருந்தது. வலது மணிக்கட்டின் வீக்கம் உறைக்கு மேலேயே தெரிந்தது. வீட்டில் தினமும் பார்த்த கைதான். வீட்டில் பார்த்தபோது அது மருந்து தடவ வேண்டிய கை, அவ்வளவுதான். இங்கே, ஓடும் கொக்கிக்குக் கீழே அதைப் பார்த்தபோது அவன் கை இடுப்புச் சாவிக்குப் போனது. அவளை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியவன் அவன்.

"நூறு வச்சுக்கலாமா?" என்றான், காய்கறிக் கடையில் பேரம் பேசுவது போல.

"தொண்ணூறு," என்றார்கள் மனைவியும் தங்கையும் ஒரே குரலில்.

அவன் சாவியைத் திருப்பினான்.

கொக்கிகளின் சத்தம் இறங்கியது. ஓடிக்கொண்டிருந்த ஒன்று நடக்கத் தொடங்கியது போல இருந்தது. ஆறு பேரும் ஒரு கணம் கை ஓடாமல் நின்றார்கள். மெதுவாக வேலை செய்வது எப்படி என்பதே மறந்திருந்தது. நெட்டை அண்ணனைக் கெஞ்சலாகப் பார்த்தான்.

"போய்யா, போ. நான் நிக்கறேன்," என்றான் அண்ணன், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. ஆறடி மனிதன் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. அறை முழுக்கச் சிரித்தது.

மிளகாய் அடுத்த கோழியை எடுத்தாள். நெஞ்சைத் தாங்கினாள். அது சிறகடிக்கவில்லை. உள்ளங்கையில் அதன் இதயம் படபடவென்று அடித்தது. இரண்டு வருடத்தில் அவளுக்கு அது தெரிந்தது முதல் தடவை. அது தெரிந்திருக்க வேண்டாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. பதமாக மாட்டினாள். எதுவும் உடையவில்லை.

*

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் அண்ணன், அண்ணி, மிளகாய் மூவரையும் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். ஆய்வாளர் போயாகிவிட்டது. படிவத்தின் பின்பக்கத்தில் அவர் நெடுநேரம் எதையோ எழுதினார் என்று மட்டும் காவலாளி சொன்னான். என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது.

மேஜைமேல் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது.

"கையெழுத்துப் போடு," என்றார் முதலாளி மிளகாயிடம். "உன் வாயால, எல்லார் முன்னாடியும் சொன்னதுதான்."

அவள் தாளை எடுத்துப் படித்தாள். 'இன்று என் பணியின்போது நான்கு கோழிகளின் கால்களை முறித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.' அவ்வளவுதான். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அதிலிருந்த சூழ்ச்சி.

"போடாதே," என்றாள் அண்ணி.

"ஏன் அண்ணி? சொன்னதைத்தானே எழுதியிருக்காரு? பேனா குடுங்க."

விரல்களுக்கு நடுவில் பேனா நிற்கவில்லை. முஷ்டியை மூடிப் பிடித்துக்கொண்டாள். கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில், எழுத்துக் கூட்டி எழுதும் குழந்தை மாதிரி, ஒரு வரி எழுதினாள்: 'அப்போது லைன் வேகம் நூற்றி நாற்பது. நின்றது ஆறு பேர். ஒன்பது பேருக்கு உரிய வேலை.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

முதலாளியின் முகம் கறுத்தது. "உன்னை யாரு இதையெல்லாம் எழுதச் சொன்னது?"

"நீங்க பாதியை மட்டும் ஒட்டற ஆளு. அதான் நானே சேத்துட்டேன்."

"சாட்சி இல்லாத தாள் செல்லாது," என்று அவர் தாளை இழுக்கப் போனார்.

அண்ணன் அதற்குள் கை வைத்துவிட்டான். பாக்கெட்டிலிருந்த தன் பேனாவை எடுத்தான். தங்கையின் கோணல் எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, பதவியை எழுதி, தேதியும் போட்டான். பேனாவை அண்ணியிடம் நீட்டினான். அவள் காலையில் பேசாமல் நின்றதற்கும் சேர்த்து, எழுத்தெழுத்தாகத் தெளிவாகப் போட்டாள். "அந்த ரெண்டாவது பக்கம் என்கிட்டயும் ஒரு பிரதி இருக்கு," என்றாள். "வரும்போது பலகையில ஒட்டிட்டுத்தான் வந்தேன்."

மிளகாய் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். மூன்று நாளுக்குப் பிறகு, முழுசாக.

"குடும்பமா சேந்து கூத்தடிக்கிறீங்களா?" முதலாளி எழுந்தார். "நாளையிலேர்ந்து மூணு பேரும் வாசல் பக்கம் வரக்கூடாது. அடுத்த ஷிப்டை நூத்தி நாப்பதுல ஓட்டிக் காட்டறேன். ஆளா இல்ல எனக்கு?"

கதவு திறந்தது. நெட்டை தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.

"அதைத்தான் சொல்ல வந்தேன் ஐயா. அடுத்த ஷிப்டு உள்ள வரல. பலகையைச் சுத்தி நிக்கறாங்க. சேதி கேட்டு ஒல்லியும் மத்த ரெண்டு பேரும் வாசலுக்கே வந்துட்டாங்க. அவங்க மூணு பேரும் வேலைக்குத் திரும்பணுமாம், லைன் தொண்ணூறுலயே இருக்கணுமாம். அதுவரைக்கும் கொக்கியைத் தொட மாட்டாங்களாம்."

முதலாளி கோபப்படவில்லை. நிதானமாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குத் திடீரென்று ஒரு பிடி கிடைத்துவிட்டது போலிருந்தது.

"டாக்டர், கொட்டகையில இப்ப எத்தனை கோழி?"

அண்ணியின் முகத்திலிருந்த தெளிவு போய்விட்டது. "ஆறாயிரம்."

"வந்து எவ்வளவு நேரமாச்சு?"

"ஒன்றரை மணி நேரம்."

"இவங்க இப்படியே நின்னா சாயங்காலத்துக்குள்ள பாதி பெட்டிக்குள்ளயே செத்துப்போகும். தண்ணி இல்லாம, நசுங்கி. இல்லையா?" அவர் மிளகாயைப் பார்த்தார். "இப்ப சொல்லு. யாரு கொடுமைக்காரங்க?"

அண்ணி நாத்தனாரின் கையைப் பிடித்தாள். "அவர் சொல்றது நிஜம்," என்றாள் மெதுவாக. "ஒரு மணி நேரம்தான் இருக்கு. அதுக்கு மேல என்னால சும்மா நிக்க முடியாது."

மிளகாய்க்கு உள்ளங்கையில் அந்தப் படபடப்பு இன்னும் இருந்தது. ஆறாயிரம் தடவை அது. அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"ஒரு மணி நேரமே அதிகம் ஐயா," என்றாள். "மூணு பேரும் வாசல்லதான் நிக்கறாங்க. உள்ள வாங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா அஞ்சு நிமிஷத்துல கொக்கி நிறையும். நானே போய் மாட்டறேன், ஒண்ணு விடாம, பதமா. சொல்லலேன்னா, சாகற ஒவ்வொரு கோழியும் உங்க கையால. எழுதிக்க டாக்டர் இருக்காங்க. சாட்சிக்கு மேலாளர் இருக்காரு."

முதலாளி போனை எடுத்து எண்களை அழுத்தினார். மூன்றே எண்கள்: ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். வாசலில் நிற்பவர்களில் யாருடைய எண்ணும் அவ்வளவு சின்னதில்லை.

அண்ணனின் கண்கள் கதவுப் பக்கம் போயின. மிளகாய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலாளிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.